கண்டன்சர், டையோடு, எல்.டி.ஆர்.: கைப்பட்ட அனுபவங்களைச் சொல்லுங்கள்

தஞ்சாவூர்க்காரன்:

அம்மா வீட்டு ஹால் ஃபேன் கோடை தொடங்கியதிலிருந்தே மந்தம். ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இரண்டில் ஓடுகிற மாதிரிதான் காற்று. பார்க்க வந்த எலக்ட்ரீசியன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "காயில் போயிருச்சு, ரீவைண்டிங்தான் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது சரியாகப் படவில்லை. காயில் கருகினால் வாடை வரும், மோட்டார் கொதிக்கும், இல்லையென்றால் ஒரேயடியாக நின்றுபோகும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அமைதியாகச் சுற்றுகிறது, வேகம்தான் இல்லை.

மெயினை அணைத்துவிட்டு மேல் மூடியை இறக்கினேன். சார்ஜைச் சேர்த்துவைக்கும் பார்ட்டான கண்டன்சரின் மேல் 2.5 மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவு), 440 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. அதில் தங்கியிருக்கும் சார்ஜை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு மல்டிமீட்டரில் வைத்தால் 1.4தான் காட்டியது. புதியது நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மாட்டி சுவிட்சைப் போட்டதும் சுவரில் இருந்த காலண்டர் படபடக்க ஆரம்பித்துவிட்டது.

சீலிங் ஃபேனுக்குள் இரண்டு வைண்டிங், அதாவது கம்பிச் சுருள், உண்டு. ஒன்றுக்கு நேராகக் கரண்ட் போகிறது. மற்றதற்குக் கண்டன்சர் வழியாகப் போகிறது. கண்டன்சர் அந்தக் கரண்டின் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடுவதால், இரண்டு வைண்டிங்கின் காந்தப்புலமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து சுழல்கின்றன. அந்தச் சுழற்சிதான் றெக்கையை இழுத்துக்கொண்டு போகிறது. கண்டன்சர் முழுக்கச் செத்துவிட்டால் ஃபேன் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கும். கையால் தள்ளிவிட்டால் எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் சுற்றும்! பாதி செத்திருந்தால் எங்கள் வீட்டு ஃபேன் மாதிரி மந்தமாக ஓடும்.

அது ஏன் பாதி சாகிறது? உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன்மேல் உலோகப் பூச்சு. வோல்டேஜ் திடீரென்று ஏறும்போது படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுகிறது. அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் உடனே ஆவியாகிவிடுவதால் ஷார்ட் ஆகாமல் தப்பிக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சின் பரப்பு கொஞ்சம் குறைகிறது, அதோடு மைக்ரோஃபாரடும் குறைகிறது. வருடக்கணக்கில் நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்குமே, எழுதுங்கள்.

மதுரை ரேடியோ:

அண்ணே, எங்கள் தெருக் கோயில் ஆம்ப்ளிஃபயர் கதையைச் சொல்கிறேன். பாட்டுப் போட்டால் பாட்டைவிட அடியில் "ம்ம்ம்" என்ற இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். ஸ்பீக்கரை மாற்றினார்கள், மைக் ஒயரை மாற்றினார்கள், எர்த்தைக் குறை சொன்னார்கள். நான் திறந்து பார்த்தபோது பவர் சப்ளையில் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரின் (நீங்கள் சொன்ன கண்டன்சர்தான், வேறு வகை) தலை உப்பியிருந்தது. அதன் தலையில் சிலுவை மாதிரி கீறல் போட்டிருப்பதே இதற்காகத்தான். உள்ளே இருக்கும் திரவம் சூடேறி வாயு சேர்ந்தால், வெடிக்காமல் அந்தக் கீறல் வழியாகத் திறந்துகொள்ளும்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஏ.சி.யை டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்பிவிடுகின்றன, அவ்வளவுதான். அது இன்னும் நேர்கோடான டி.சி. ஆகவில்லை, வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டி மோட்டார் ஓடாத நேரத்திலும் குழாய்க்குத் தண்ணீர் விடுகிற மாதிரி, ஃபில்டர் அந்தப் பள்ளங்களை நிரப்ப வேண்டும். அது வற்றிப்போனால் அந்த 100 ஹெர்ட்ஸ் அப்படியே ஸ்பீக்கருக்கு வந்துவிடும்.

இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்டால் இன்னொன்றும் பிடிபடும். நடு ஒயரிலிருந்து இரண்டு பக்கமும் 12 வோல்ட் தரும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு டையோடுதான் இருக்கும். அதில் ஒன்று ஓபன் ஆகிவிட்டால் (உள்ளே அறுந்துவிட்டால்) பாதி அலைதான் கிடைக்கும். அப்போது இரைச்சல் 50 ஹெர்ட்ஸில், இன்னும் அடிக்குரலில் வரும். பழகிய காதுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

மாற்றும்போது 16 வோல்ட் கெப்பாசிட்டரைக் கொடுத்து "12 வோல்ட் செட்டுக்கு இது போதும்" என்பார்கள் கடையில். போதாது. 12 வோல்ட் ஏ.சி.யின் உச்சி கிட்டத்தட்ட 17 வோல்ட். டையோடு அதில் 0.7 வோல்ட்டைத் தின்றாலும் 16க்கு மேல் நிற்கும். லோடு இல்லாதபோது இன்னும் ஏறும். நான் 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி (தாங்கும் சூடு) எழுதியதாகப் பார்த்துப் போட்டேன். 85 டிகிரியும் ஓடும்தான், ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பார்ட்டுக்கு அதில் கஞ்சத்தனம் எதற்கு?

பாலிடெக்னிக் பையன்:

எங்கள் கல்லூரி ஹாஸ்டல் வாசலுக்குத் தானியங்கி விளக்கு செய்தோம். வெளிச்சத்தை உணரும் எல்.டி.ஆர்., சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் பி.சி. 547 டிரான்சிஸ்டர், காயிலின் காந்தத்தால் இயங்கும் சுவிட்சான 12 வோல்ட் ரிலே. எல்.டி.ஆர். மேல் வெளிச்சம் பட்டால் அதன் தடை சில நூறு ஓமுக்குக்கூட இறங்கும், இருட்டில் மெகா ஓம் வரை ஏறும். தடை ஏறியதும் டிரான்சிஸ்டரை ஆன் செய்யும் காலான பேஸுக்குக் கரண்ட் கிடைக்கும், அது ரிலேயை இழுக்கும், விளக்கு எரியும். மேஜையில் பிரமாதமாக வேலை செய்தது.

வாசலில் மாட்டிய அன்று சாயங்காலம் பார்த்தால் டிஸ்கோ. டக் டக் டக் என்று விளக்கு எரிந்து அணைந்துகொண்டே இருக்கிறது. போர்டில் பிழை இல்லை. விளக்கு எரிந்ததும் அதன் வெளிச்சமே எல்.டி.ஆர். மேல் விழ, "விடிந்துவிட்டது" என்று நினைத்து அது அணைத்துவிடுகிறது. அணைந்ததும் மறுபடி இருட்டு. எங்கள் சீனியர் அண்ணன் ஒரு பழைய பேனா மூடியை எல்.டி.ஆர். மேல் குழாய் மாதிரி செருகி வானத்தைப் பார்க்கத் திருப்பினார். சரியாகிவிட்டது.

அப்புறம் ரிலே காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டையோடு போடச் சொன்னதும் அவர்தான். டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகும் கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, எதிர்த்திசையில் பெரிய வோல்டேஜைக் கிளப்பும். பி.சி. 547 தாங்குவது 45 வோல்ட். டையோடு இருந்தால் அந்தக் கரண்ட் காயிலுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். பக்கத்து பேட்ச் போர்டில் டையோடு இல்லை, டிரான்சிஸ்டர் மாற்றி மாற்றி அலுத்துவிட்டார்கள்.

கோவை டீச்சர்:

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு முன்வாரம் வருடா வருடம் இதுதான்: "மிஸ், எல்.இ.டி. ஒரு தடவை பளிச்சுன்னு எரிஞ்சிட்டு அணைஞ்சிருச்சு." 9 வோல்ட் பேட்டரியில் நேராக வைத்திருப்பார்கள். சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட்டோடு திருப்திப்படும், மீதி 7 வோல்ட்டை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். 15 மில்லி ஆம்பியர் போதும் என்று வைத்து வகுத்தால் 467 ஓம். கடையில் 470 கிடைக்கும்: மஞ்சள், ஊதா, பழுப்பு. இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு ஓம் விதியைத் தனியாக மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை.

சேலம் 78:

9 வாட் எல்.இ.டி. பல்பு அணைந்தால் மேல் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு எல்.இ.டி.யில் மட்டும் கறுப்புப் புள்ளி இருக்கும். எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதால் ஒன்று அறுந்தால் மொத்தமும் இருட்டு. அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் மூடி கழன்ற பல்பை ஹோல்டரில் மாட்டி உள்ளே விரலை வைக்காதீர்கள். அதில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, 230 வோல்ட்டோடு நேரடித் தொடர்பு. கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் கொஞ்ச நேரம் நிற்கும்.

புதுசு:

தஞ்சாவூர் அண்ணா, 2.5க்குப் பதில் 4 மைக்ரோஃபாரட் போட்டால் ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றுமா? எங்கள் வீட்டு டேபிள் ஃபேனும் மெதுவாகத்தான் ஓடுகிறது.

தஞ்சாவூர்க்காரன்:

வேண்டாம் தம்பி. இரண்டாவது வைண்டிங்குக்கு அளவுக்கு மீறிக் கரண்ட் போய்ச் சூடேறும். அப்புறம் நிஜமாகவே ரீவைண்டிங்தான். டேபிள் ஃபேனுக்கு அளவு வேறாக இருக்கலாம், பழைய கண்டன்சரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே எண் பார்த்து வாங்குங்கள். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு றெக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் புஷ்ஷில் அழுக்கு. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், கண்டன்சர் வாங்கவே வேண்டாம்.