சொல் தேடல்: டயரின் சாலுக்குள் குறுக்கே கிடக்கும் அந்த மேடு

காரைக்குடியிலிருந்து:

அன்பின் நண்பர்களே,

போன வாரம் வண்டிக்குப் பின் டயர் மாற்றினேன். அந்த வேலையில், வண்டி உறுப்புகளுக்கு நாம் தொகுத்துவரும் தமிழ்ச் சொற்பட்டியலில் ஒரு சொல் சரியில்லை என்று பட்டது. அதனால்தான் இந்த மடல்.

நல்ல மழையில் தேவகோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஊருக்குள் நுழையும் வளைவில் பின் பிரேக்கை மிதித்ததும் பின் சக்கரம் என்னைக் கேட்காமல் இடது பக்கம் போனது. விழவில்லை, செருப்பு பிய்ந்ததோடு சரி. மறுநாள் டயர் கடை. அங்கிருந்த தம்பி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை மெல்ல உருட்டி, ஒடிந்த போக்ஸ் கம்பி ஒன்றால் பள்ளங்களில் சிக்கியிருந்த பொடிக்கல்லைக் கிளறி எடுத்தான். டயரின் பக்கச் சுவரில் குட்டி முக்கோணம் ஒன்று இருந்தது. அதிலிருந்து நேரே மேலே விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினான். பள்ளத்துக்குக் குறுக்கே சின்னதாக ஒரு ரப்பர் மேடு. சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கே வந்திருந்தது. "மேடு தொட்டுருச்சுண்ணே. இதுக்கு மேல ஓட்டுனா மொட்டதான்" என்றான்.

நான் அதுவரை டயரின் ஓரத்தைப் பார்த்தே திருப்திப்பட்டிருக்கிறேன். ஓரத்தில் பட்டன், அதாவது சாலையில் படும் பள்ளம் வெட்டிய ரப்பர், புதிதுபோல இருந்தது. எங்கள் பக்கத்துச் சாலைகள் நூல் பிடித்தாற்போல நேராகப் போகிறவை. வண்டி சாய்வதே இல்லை. அதனால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, உருண்டையாக இருக்க வேண்டிய டயர் தட்டையாகிவிடுகிறது. பார்க்க வேண்டியது நடுவில்தான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இந்த மேட்டுக்கு நம் பட்டியலில் "தேய்மானங்காட்டி" என்று போட்டிருக்கிறோம். எனக்கு இரண்டு தடை. தேய்மானம் என்றால் செட்டிநாட்டில் முதலில் ஞாபகம் வருவது கணக்குப் புத்தகம். வருடக் கடைசியில் சொத்து மதிப்பில் கழிக்கிறார்களே, அது. அடுத்தது, காட்டி என்றதும் முள்ளும் தட்டும் உள்ள கருவி கண்ணில் வருகிறது. இங்கே இருப்பது அசையாமல் கிடக்கும் ஒரு ரப்பர்த் துண்டு.

என் முன்மொழிவு: தேய்வரம்பு.

வரம்பு என்றால் எல்லை. வயலின் வரப்பும் வரம்புதான். அந்த ரப்பர் துண்டு இரண்டுமாக இருக்கிறது. பள்ளத்துக்குக் குறுக்கே வரப்புப்போலக் கிடக்கிறது. இதற்குமேல் ஓட்டாதே என்று எல்லையும் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள்படி இருசக்கர வண்டிக்குப் பள்ளம் குறைந்தது 0.8 மி.மீ. இருக்க வேண்டும், காருக்கு 1.6 மி.மீ. அந்த மேட்டின் உயரம் இந்த அளவை ஒட்டித்தான் வைக்கப்படுகிறது.

பள்ளத்துக்கும் ஒரு சொல் தேவைப்படும். சால் என்று வைக்கலாம், உழவுச் சால் மாதிரி.

தேவகோட்டையிலிருந்து:

காரைக்குடி நண்பருக்கு வணக்கம். செருப்போடு போனதில் மகிழ்ச்சி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேய்வரம்பு வினைத்தொகை. விரித்தால் தேய்ந்த வரம்பு, தேய்கின்ற வரம்பு, தேயும் வரம்பு. அப்படியானால் தேய்வது வரம்பு என்றல்லவா ஆகிறது? தேய்வது டயர். அந்த மேடு கடைசிவரை தேயாமல் இருப்பதால்தானே அதற்கு மதிப்பே.

சால் என்பதும் எனக்கு ஒட்டவில்லை. தச்சர்கள் சொல்லும் காடி இருக்கிறதே! பலகையில் உளியால் நீளமாக எடுக்கும் பள்ளம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டு நிலைக்கதவைத் தடவிப் பார்த்தால் போதும், காடி என்றால் என்ன என்று கை சொல்லும். பர்மாத் தேக்கில் வேலை செய்த ஊர்க்காரர் நீங்கள், உழவனிடம் ஏன் கடன் வாங்குகிறீர்கள்?

மேட்டுக்குப் "பிடிப்புக்குறி" என்று வைத்துவிடலாம். பட்டன் இருந்தால்தானே பிடிப்பு? எல்லாருக்கும் புரியும்.

சார்ஜாவிலிருந்து:

இரண்டு பேருக்கும் வணக்கம். நான் பள்ளத்தூர்க்காரன், இங்கே வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். "காடி" மட்டும் வேண்டாம் ஐயா. என் பட்டறையில் வடக்கத்தித் தம்பிகள் மூன்று பேர். இந்தியில் காடி என்றால் வண்டி. "காடி தேய்ந்துபோச்சு" என்று சொன்னால் மொத்த வண்டியும் போய்விட்டது என்று முதலாளியைக் கூப்பிடுவார்கள்.

டயரை டயர் என்றே விடுங்கள். உருளிப்பட்டை என்று எழுதிக் கொடுத்தால் யாரும் பஞ்சர் ஒட்ட வரமாட்டார்கள்.

காரைக்குடியிலிருந்து:

ஐயா சொன்ன இலக்கணத்தை இரண்டு நாள் மனத்தில் போட்டு உருட்டினேன். சுடுகாடு என்கிறோம், காடா சுடுகிறது? குடிநீர் என்கிறோம், நீரா குடிக்கிறது? உண்கலம் எதையும் உண்பதில்லை. முன்னால் நிற்கும் வினை பின்னால் வரும் பெயருடையதாகவே இருக்க வேண்டும் என்று தமிழ் அடம்பிடிப்பதில்லை. சுடுவதற்கான காடு, குடிப்பதற்கான நீர். அதே வழியில், தேய்வதற்கான வரம்பு தேய்வரம்பு. இதுவரை தேயலாம், இதற்குமேல் கூடாது.

"பிடிப்புக்குறி"யை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அது தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும். காய்ந்த, சுத்தமான தார்ச்சாலையில் பிடிப்பைக் கொடுப்பது ரப்பர் சாலையில் படுகிற பரப்புதான். பந்தய வண்டிகள் காய்ந்த தடத்தில் பள்ளமே இல்லாத டயரோடு ஓடுகின்றன. பள்ளம் எதற்கு? மழைக்கு. சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவே மாட்டும் தண்ணீர் ஓடி வெளியேற வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் ரப்பர் தண்ணீரின் மேல் ஏறி மிதந்துவிடும். நான் வழுக்கியதும் மழையில்தான். அதே மொட்டை டயர் சித்திரை வெயிலில் மாதக்கணக்கில் என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஓடியது, அதனால்தான் ஏமாந்தேன்.

சால்தான் வேண்டும் என்று நிற்பதும் இதனால்தான். காடி இன்னொரு பலகையை வாங்கிக்கொள்ள எடுக்கும் பள்ளம். தண்ணீர் ஓடும் பள்ளத்துக்குச் சொல்லை வயக்காட்டில்தான் தேட வேண்டும். கண்மாய்க்கு வரும் வரத்துக்காலில் யாரோ குறுக்கே வரப்பு போட்டால் என்ன ஆகும்? ரப்பர் தேய்ந்து அந்த மேட்டைத் தொடும்போது டயரிலும் அதுதான் நடக்கிறது. சால் அந்த இடத்தில் அடைபட்டுப்போகிறது. சாலும் வரம்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது. வானம் பார்த்த பூமிக்காரர்கள் நாம், தண்ணீர் எங்கே தேங்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

சார்ஜா நண்பர் சொன்னதுபோல டயர் டயராகவே இருக்கட்டும். பட்டனையும் தொட வேண்டாம். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுவதை ரீபட்டன் என்று சொல்கிற வரைக்கும் லாரிக்காரர்கள் போய்விட்டார்கள். வேர் எங்கே இருந்தாலும் அந்தச் சொல் இப்போது நம்முடையது. பெயரே இல்லாமல் கிடப்பதற்குப் பெயர் வைப்போம்.

அப்புறம், கடைக் கதையின் மிச்சம். முதலில் கொண்டுவந்த டயரைத் திருப்பி அனுப்பினேன். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். எனக்கு நீட்டியது அப்படி ஒரு பழைய சரக்கு. பார்வைக்குப் புதுசு, நகத்தால் அழுத்தினால் ரப்பர் இறுகிக் கிடந்தது. இந்த நான்கு இலக்கத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். "பிறந்த வாரம்" என்று கடையில் விளையாட்டாகச் சொன்னேன், தம்பி சிரித்தான். பட்டியலுக்கு வேறு ஏதாவது யோசியுங்கள்.

பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் 100/90-17 இருந்த இடத்தில் இன்னும் அகலமாகப் போடச் சொல்லி மல்லுக்கு நின்றான். 100 அகலம் மில்லிமீட்டரில், 90 அந்த அகலத்தில் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, 17 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். ரிம் அதேதான், டயரை மட்டும் அகலமாக்கினால் அது கவ்விப் பிடிக்கப்பட்டு வடிவம் மாறும், சில வண்டிகளில் செயினிலும் உரசும். கடைத் தம்பி எடுத்துச் சொன்னான். பையன் கேட்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

தேவகோட்டையிலிருந்து:

சுடுகாட்டைக் காட்டி வாயை அடைத்துவிட்டீர். தேய்வரம்பு, ஏற்றேன். சால், அரை மனதாக. ஒரே ஒரு கேள்வி. பேச்சில் எல்லாரும் வரப்பு என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியே தேய்வரப்பு என்று வைத்தால் என்ன?

காரைக்குடியிலிருந்து:

வரப்பு என்றால் எல்லை என்ற பொருள் போய்விடும் ஐயா, மண் மட்டும்தான் நிற்கும். இருந்தாலும் நேற்றுக் காற்று அடிக்கப் போனபோது அந்தத் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "தேய்வரம்பு" என்றதும் ஒரு நிமிடம் யோசித்தான். குனிந்து புது டயரின் சாலுக்குள் விரலை விட்டுத் தடவினான். "ஓ, வரப்பா? அது இன்னும் கீழ கெடக்குண்ணே, ரொம்ப நாளு தாங்கும்" என்றான்.

பட்டியலில் தேய்வரம்பு என்றே ஏற்றிவிடுகிறேன். கடையில் அவன் எப்படிச் சொன்னாலும் சரி.