பத்தாம் வகுப்புக் கணக்கில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

வேகக் கணக்கில் மதிப்பெண் போவது பெருக்கல் வகுத்தலில் அல்ல, முதல் வரியில். எடுத்துக்காட்டாக: ஒரு ரயில் 180 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 15 கி.மீ. கூடியிருந்தால் 1 மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கும். வேகம் என்ன?

வேகத்தை எக்ஸ் என்று வைத்தால் ஆகும் நேரம் 180/எக்ஸ். கூடிய வேகத்தில் 180/(எக்ஸ் + 15). வேகம் கூடினால் நேரம் குறையும். ஆகவே முதல் நேரம்தான் பெரியது, அதிலிருந்துதான் இரண்டாவதைக் கழிக்க வேண்டும்:

180/எக்ஸ் − 180/(எக்ஸ் + 15) = 1

சுருக்கினால் எக்ஸ்² + 15எக்ஸ் − 2700 = 0. மாற்றிக் கழித்தவருக்குக் கடைசியில் +2700 வரும். தன்மைக்காட்டி (மூலம் மெய்யா இல்லையா என்று காட்டும் b² − 4ac) 225 − 10800 குறை எண் ஆகிவிடும், மெய் மூலமே, அதாவது எக்ஸுக்கு மெய்யெண் விடையே, கிடைக்காது. ஓடிய ரயிலுக்கு வேகம் இல்லாமல் போகுமா? அப்போது சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் முதல் வரிக்குப் போங்கள்.

* * *

மேலே முதலில் எழுதிய சார் சொன்னது ரொம்பச் சரி. அதே கணக்கில் காரணிப்படுத்தும்போது பலர் 2700-ஐ 2, 3 என்று ஒவ்வொன்றாக வகுத்து நேரத்தை இழக்கிறார்கள். வேண்டியது, பெருக்கல் 2700, வித்தியாசம் 15 வரும் இரண்டு எண்கள். 2700-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 52. வித்தியாசத்தில் பாதியான 7.5-ஐ அதிலிருந்து கழித்தால் 44.5, அதோடு கூட்டினால் 59.5. பக்கத்திலேயே 45, 60 நிற்கின்றன. (எக்ஸ் + 60)(எக்ஸ் − 45) = 0. வேகம் குறை எண்ணாக இருக்காது, எனவே 45. சரிபார்க்க: 180/45 = 4 மணி, 180/60 = 3 மணி.

நேர வித்தியாசத்தை ‘20 நிமிடம்’ என்று கொடுத்திருந்தால் சமன்பாட்டின் வலப்பக்கம் 20 அல்ல, 1/3 (மணி).

* * *

வரைந்து காட்டும் வடிவியல் கணக்குக்கும் இப்படிச் சரிபார்ப்பு உண்டு, ஆனால் பிள்ளைகள் அதைச் செய்வதே இல்லை. 3 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்கு, மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

மையத்தையும் புள்ளியையும் இணைத்து, அந்தக் கோட்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் மையக்குத்துக்கோடு வரையும்போது கவராயத்தை 2.5 செ.மீ.க்கு மேல் விரிக்க வேண்டும். குறைந்தால் விற்கள் வெட்டிக்கொள்ளாது. நடுப்புள்ளியை மையமாக வைத்து 2.5 செ.மீ. ஆரத்தில் இரண்டாம் வட்டம். கவராயத்தைச் சரிசெய்யாமல் பழைய 3 செ.மீ. அளவிலேயே சுற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த வட்டம் முதல் வட்டத்தின் மையத்தின் வழியாகவும் வெளிப்புள்ளியின் வழியாகவும் போகாது என்பதே அடையாளம். போனால்தான் அரைவட்டக் கோணம் 90° ஆகும், ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்தாக விழும்.

இரு வட்டங்களும் வெட்டும் இரண்டு இடங்களையும் வெளிப்புள்ளியோடு இணைத்து அளந்தால் 4 செ.மீ. வர வேண்டும். √(25 − 9) அதுதானே. ஸ்கேல் 7.4 காட்டினால், 5 செ.மீ.யை மையத்திலிருந்து அளக்காமல் வட்டத்தின் விளிம்பிலிருந்து அளந்திருக்கிறார்கள். தொலைவு 8 ஆகி √55 வந்திருக்கிறது. 3.8, 4.2 என்றால் பென்சில் முனையைச் சீவினால் போதும்.

* * *

இன்னொன்று, முக்கோணத்தின் உச்சிக் கோணத்தைச் சரிபாதியாக்கி அடிப்பக்கத்தை வெட்டும் கோண இருசமவெட்டி. பக்கங்கள் 6, 9, அடிப்பக்கம் 10 என்றால் பலர் 5, 5 என்று பிரித்துவிடுகிறார்கள். அது உச்சியை அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியோடு இணைக்கும் நடுக்கோட்டின் வேலை. இருசமவெட்டி 6 : 9, அதாவது 2 : 3 விகிதத்தில் பிரிக்கும். 4-உம் 6-உம். இதில் 4 எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் தடுமாற்றம்: 6 செ.மீ. பக்கத்தை ஒட்டிய துண்டுதான் 4.