அடிமை வணிகத்தை நிறுத்தியதும் பிரிட்டன்தானே, அப்புறம் எதற்கு இழப்பீடு?

தராசு:
அடிமை முறைக்காகக் கரீபியன் நாடுகள் பிரிட்டனிடம் இழப்பீடு கேட்பது ஓய்கிற மாதிரி இல்லை. 2013-இல் அந்த நாடுகளின் கேரிகாம் கூட்டமைப்பு இதற்கென ஓர் ஆணையம் அமைத்ததிலிருந்து ஓடும் கதை. எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

1807-இல் அடிமை வணிகத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியது பிரிட்டன். 1833-இல் அடிமை முறையையே ஒழித்தது. அதோடு விடாமல் மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் ஏறத்தாழ 60 ஆண்டுகள் கடற்படையைக் காவல் வைத்து, சுமார் 1,600 கப்பல்களைப் பிடித்து, 1,50,000 பேரை விடுவித்தது. அந்தக் காவலில் 1,600 மாலுமிகளாவது செத்திருப்பார்கள், பெரும்பாலும் காய்ச்சலில். வேறு எந்தப் பேரரசு இதைச் செய்தது? ஆறேழு தலைமுறைக்கு முன்னால் எவனோ செய்த பாவத்துக்கு, இன்று மான்செஸ்டரில் பஸ் ஓட்டுகிறவன் ஏன் காசு கட்ட வேண்டும்?

கரைவலை:
தராசு அண்ணா, பஸ் ஓட்டுகிறவன் ஏற்கனவே கட்டிவிட்டான். அந்தக் காசு யாரிடம் போனது என்பதுதான் கேள்வி.

நீங்கள் சொல்லும் 1833 சட்டத்திலேயே 2 கோடி பவுண்டு இழப்பீடு இருக்கிறது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம். அவ்வளவும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு பென்னி கிடையாது. கஜானாவில் அவ்வளவு காசு இல்லாததால் 1835-இல் ராத்ஸ்சைல்டு, மொண்டஃபியோரி என்ற நிதி முதலாளிகள் வழியாக ஒன்றரைக் கோடி பவுண்டு கடன் எடுத்தார்கள். அது மற்ற அரசுக் கடன் பத்திரங்களோடு கலந்து, உருண்டு புரண்டு, கடைசியில் அடைபட்டது 2015-இல். 1915 என்று தவறாகப் படித்துவிடாதீர்கள். 2018 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதியமைச்சகமே ட்விட்டரில் இதைப் பெருமையாகப் போட்டது, உங்கள் வரிப்பணம் அடிமை வணிகத்தை ஒழிக்க உதவியது என்ற தொனியில். சனம் ஏறி விழுந்ததும் அழித்துவிட்டார்கள்.

நான் 2001-இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிட்டனுக்கு வந்தவன். முதல் வேலை பெட்ரோல் ஸ்டேஷனில் நைட் ஷிப்ட். எனக்கு முந்தைய ஷிப்டில் நின்றவர் ஜமைக்காவில் பிறந்த ஒரு அம்மா. என் சம்பளத்திலும் வரி பிடித்தார்கள், அவர் சம்பளத்திலும் பிடித்தார்கள். யோசித்துப் பாருங்கள், தன் பூட்டிக்கும் பூட்டியை வைத்திருந்தவனுக்குக் கொடுத்த காசின் கடனை அந்த அம்மாதான் நின்று அடைத்திருக்கிறார்.

ஓட்டைப்பேனா:
அதாவது கொள்ளையடித்தவன் திருந்தினான், அவனுக்கு நஷ்டஈடு கொடுத்தோம், பில்லைப் பறிகொடுத்தவன் வீட்டுக்கு அனுப்பினோம். பேஷ்.

தராசு:
கிண்டல் சுலபம். அந்தக் காலத்து நாடாளுமன்றத்தில் தோட்ட முதலாளிகளே உட்கார்ந்திருந்தார்கள். காசு கொடுக்காமல் மசோதா நிறைவேறியிருக்குமா? அமெரிக்காவில் இதே வேலைக்கு ஓர் உள்நாட்டுப் போரும் ஆறு லட்சத்துக்கு மேல் பிணங்களும் தேவைப்பட்டன. பிரிட்டன் காசோடு முடித்தது, ரத்தம் சிந்தவில்லை.

வகுப்பறை:
ரத்தம் சிந்தவில்லையா? 32 வருஷம் வரலாறு நடத்தியவள், இதை விட்டுவிட்டுப் போக முடியாது தம்பி.

1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமை, கூலி கொடுத்தால்தான் கரும்பு வெட்டுவோம் என்று வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டினார். அது கலகமாக வெடித்தது. சுமார் 60,000 பேர் இறங்கினார்கள் என்பார்கள். அடக்கிய பிறகு 300-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். 1832 மே மாதம் ஷார்ப்பைத் தூக்கில் போட்டார்கள். அடுத்த பதினைந்தாவது மாதம் உங்கள் 1833 சட்டம் வருகிறது. அதற்கு முன்பே ஹைட்டியில் அடிமைகள் 1791-இல் எழுந்து, 1804-இல் தனி நாடே அறிவித்துவிட்டார்கள். லண்டனுக்கு அந்த பயம் இல்லாமலா இருந்திருக்கும்? இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பங்கள் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வேண்டாம் என்று ஒதுக்கியதும், லட்சக்கணக்கில் மனுவில் கையெழுத்திட்டதும் நிஜம். அதை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் மட்டுமே முடித்துவைத்த கதை அல்ல இது.

இன்னொன்று. 1834 ஆகஸ்ட் 1-ஆம் தேதி 'விடுதலை' ஆனவர்கள் மறுநாளும் அதே தோட்டத்தில்தான் நின்றார்கள். 'பயிற்சித் தொழிலாளி' என்று பெயரை மாற்றி, வாரத்துக்கு 45 மணி நேரம்வரை சம்பளமில்லாமல் வேலை வாங்கினார்கள். 1838 வரை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கூடத்தில் ஒரு கிறுக்கு வேலை செய்து பார்த்தேன். புரூக்ஸ் என்ற லிவர்பூல் கப்பலின் படம் ஒன்று உண்டு, 1788-இல் ஒழிப்பு இயக்கத்தார் அச்சடித்தது. அதில் ஆண் ஒருவருக்கு இடம்: நீளம் 6 அடி, அகலம் 1 அடி 4 அங்குலம். அளவு நாடாவை வைத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். என் வீட்டுக்காரர் படுத்தார். இரண்டு தோளும் கோட்டுக்கு வெளியே. ஒருக்களித்துப் படுத்த பிறகுதான் உள்ளே வந்தார். இரண்டு நிமிஷத்தில் இடுப்பு வலிக்கிறது என்று எழுந்துவிட்டார். கப்பலில் அது வாரக்கணக்கு, சங்கிலியோடு. சட்டம் வந்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்த பிறகு இருந்த அளவு இது, 454 பேருக்கானது. அதற்கு முன் ஒரு பயணத்தில் அதே கப்பலில் 609 பேரை ஏற்றியிருக்கிறார்கள்.

தராசு:
டீச்சர், கொடுமையை நான் மறுக்கவே இல்லை. மறுப்பது இழப்பீட்டுக் கணக்கை. அடிமை வணிகத்தால்தான் பிரிட்டன் பணக்கார நாடானது என்று ஒரு வாதம். டிரினிடாட்டின் முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸ் காலத்திலிருந்து சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் மொத்தம் சுமார் 1.25 கோடி. பிரிட்டன் கப்பல்களில் 30 லட்சத்துக்குச் சற்று மேல். போர்ச்சுகலும் பிரேசிலும் சேர்ந்து 58 லட்சம். கணக்குப்படி தொழிற்புரட்சி லிஸ்பனில் அல்லவா வெடித்திருக்க வேண்டும்?

அப்புறம், ஆப்பிரிக்கக் கரையில் ஆளைப் பிடித்து விற்ற அரசர்கள்? அந்த ஆளுக்கு விலையாகக் கொடுத்த சரக்கில் நம் சோழமண்டலக் கரைத் துணி இருந்தது. மாலத்தீவுச் சோழி இருந்தது, நாம் தாயம் உருட்டும் அதே சோழி. அந்தத் துணியை நெய்தவனுக்கும் பில் அனுப்பலாமா?

கரைவலை:
நெய்தவனுக்குத் துணி எங்கே போகிறது என்று தெரியாது, கூலி மட்டும்தான் தெரியும். லண்டனில் பங்கு வைத்திருந்தவனுக்குக் கப்பலின் பெயர்வரை தெரியும். இரண்டும் ஒன்றா?

தெரிந்தே லாபம் பார்த்தவனுக்கு ஓர் உதாரணம், நான்கு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா ஜான். 2,508 அடிமைகளுக்காக அவருக்கு இழப்பீடாகக் கிடைத்தது 1,06,769 பவுண்டு, தலைக்கு 42 பவுண்டு சொச்சம். அதோடு அவர் நிற்கவில்லை. அடிமைகள் போனால் கரும்பு வெட்ட யார் என்று கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதி, 1838-இல் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்களில் இந்தியக் கூலிகளை தென்னமெரிக்காவின் கயானாவில் இறக்கினார். அந்த ஒப்பந்தக் கூலி முறைதான் பின்னால் சென்னைக்கும் வந்தது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போனதும் அதே ஏற்பாட்டில்தான். கிளாட்ஸ்டன் வாரிசுகள் 2023-இல் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். அவர்களுக்குக் கணக்கு விளங்குகிறது.

கடற்படைக் காவலைச் சொன்னீர்கள். அதே பிரிட்டன் 1846-இல் சர்க்கரை வரியைத் திருத்தி, அடிமைகள் விளைவித்த கியூபா, பிரேசில் சர்க்கரைக்கும் படிப்படியாக ஒரே வரி என்று கதவைத் திறந்தது. மான்செஸ்டர் ஆலைகள் 1860 வரை ஓடியது பெரும்பாலும் அமெரிக்க அடிமைகள் பறித்த பருத்தியில். கடலில் பிடித்தார்கள், கடையில் வாங்கினார்கள்.

வகுப்பறை:
பிரபுக்களை மட்டும் சொல்லாதீர்கள். பார்படோஸில் கோட்ரிங்டன் என்றொரு கரும்புத் தோட்டம். உடைமையாளர் ஆங்கிலத் திருச்சபையின் மிஷனரி அமைப்பான எஸ்.பி.ஜி. சங்கம். ஆம், பின்னாளில் நம் கால்டுவெல் சேர்ந்து ஊழியம் செய்த அதே சங்கம். ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்து அடிமைகளின் நெஞ்சில் 'சொசைட்டி' என்று பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டிருக்கிறார்கள். சங்கத்தின் பெயர் அது. திருச்சபையின் பேரவை 2006-இல் மன்னிப்புக் கேட்டது.

ஓட்டைப்பேனா:
எல்லோரும் லண்டனையே உலுக்குகிறீர்கள். நான் இரண்டு பக்கமும் கல் எறிகிறேன்.

தராசுக்கு: 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இந்தியாவுக்குத் தனிச் சட்டம் 1843-இல்தான் வந்தது.

மற்றவர்களுக்கு: அந்த 1843 சட்டம் யாரை விடுவிக்க வேண்டியிருந்தது? தஞ்சாவூர் மிராசுகளில் நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய பண்ணையாட்களையும்தான். 'ஆளோலை' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, ஒருவனை அடிமையாக எழுதிக்கொடுத்த ஓலை. சுந்தரர் கதையில் கிழவர் காட்டுகிற ஓலை. அதைப் பக்தியாக மட்டும் வாசித்துவிட்டுப் போகிறோம்.

கரைவலை:
அந்தக் கல் சரியாகவே விழுந்தது. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

தராசு:
சிலைகளை உடைக்கிறார்களே, அதுவும் நியாயமா?

கரைவலை:
போன வருஷம் பிரிஸ்டல் போயிருந்தேன். எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலை அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிற்கவில்லை, மல்லாந்து கிடக்கிறது, சிவப்பும் நீலமுமாக ஸ்ப்ரே பெயிண்ட் அப்படியே. இந்த ஆள் ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் இருந்த காலத்தில் அந்தக் கம்பெனி ஏற்றியது சுமார் 84,000 பேரை, வழியில் செத்தவர்கள் 19,000. செத்து 174 வருஷம் கழித்து, 1895-இல், நகரத்தின் ஒழுக்கமும் ஞானமும் மிக்க மகன்களில் ஒருவர் என்று எழுதிச் சிலை வைத்தார்கள். பலகையில் அடிமை என்ற சொல்லே இல்லை. திருத்தி ஒரு பலகை வையுங்கள் என்று வருஷக்கணக்கில் கேட்டு, வாசகத்தில் இழுபறியாகி, கடைசியில் 2020 ஜூனில் சனம் கயிறு போட்டு இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. நியாயமா என்று கேட்டால், பலகையை நேரத்துக்கு மாற்றியிருந்தால் கயிறு தேவைப்பட்டிருக்காது என்பேன்.

தராசு:
சரி, 2 கோடிக் கணக்கில் நான் தோற்றேன். 2015 விஷயம் எனக்குத் தெரியாது, வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யார் கையில், எப்படிக் கொடுப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. 2015-இல் கேமரன் ஜமைக்கா போய், பழையதைத் தாண்டிப் போவோம் என்று பேசிவிட்டு, சிறைச்சாலை கட்ட 2.5 கோடி பவுண்டு தருவதாகச் சொன்னார். பிரிட்டனில் இருக்கும் ஜமைக்கா கைதிகளை அங்கே அனுப்ப. அது கேவலம், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் என்ன? போர்ச்சுகல் கேள்வியும் அப்படியே நிற்கிறது, யாரும் தொடவில்லை.

கரைவலை:
கவனித்தேன் அண்ணா, வேண்டுமென்றேதான் தாண்டினேன். பிரேசில் தங்கம் லிஸ்பன் வழியாக லண்டனுக்கு வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும், போனில் தட்டச்சு செய்கிற விஷயமில்லை. சனிவரை நைட் ஷிப்ட். ஞாயிறு வருகிறேன், இழையைப் பூட்டிவிடாதீர்கள்.