பங்களா அப்புவாக இருந்த அப்பாவை நுவரெலியா ஸ்டேக் உணவகத்துக்குக் கூட்டிப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

தலவாக்கலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்பில் வேலை செய்கிறேன், வீடு தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா ஓய்வு பெறும்வரை தோட்டத்துத் துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். அடுத்த மாதம் அவருக்கு எழுபது வயது. நுவரெலியாவில் ஒரு சின்ன ஸ்டேக் உணவகம் பார்த்து வைத்திருக்கிறேன். உள்ளே கொஞ்சம் மேசைகள்தான், கணப்பு எரிகிறது, முன்கூட்டிச் சொன்னால்தான் இடம். விலை கூடுதல்தான். அதற்காகவே காசு சேர்த்திருக்கிறேன்.

அப்பா மாட்டிறைச்சியைத் தடித்த துண்டாக வாட்டி ஸ்டேக் போடுவதைச் சின்ன வயதில் குசினிக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். இறைச்சியை ஈரம் போகத் துணியால் ஒற்றுவார். உப்பு, மிளகு, வேறொன்றும் இல்லை. இரும்புச் சட்டி புகைய ஆரம்பித்த பிறகுதான் கை வைப்பார். திருப்பிப் போட்டதும் பட்டரும் தட்டிய உள்ளிப் பூண்டும் சேர்த்து, சட்டியைச் சரித்துக் கரண்டியால் அள்ளி அள்ளி மேலே ஊற்றுவார். பெருவிரலால் ஒரு அழுத்து. எடுக்கலாமா வேண்டாமா என்று அதிலேயே தெரிந்துவிடும். அவ்வளவு தெரிந்த மனிதர், அந்தச் சாப்பாட்டை ஒரு மேசையில் உட்கார்ந்து, இன்னொருவர் கொண்டுவந்து வைக்கச் சாப்பிட்டதே இல்லை. அதை நான் செய்து பார்க்க வேண்டும்.

அம்மா மாட்டிறைச்சி தொட மாட்டார். அப்பாவிடம் வெள்ளை வேட்டியும் ஒரு பழைய கோட்டும் இருக்கின்றன, அது போதுமா? ஓடர் எப்படிக் கொடுப்பது, பில் எவ்வளவு கூடும், இரவில் திரும்பி வருவது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேசைப்பக்கம் எழுதியது:

தங்கச்சி, நான் நுவரெலியாவில் ஹோட்டல் வேலை, பரிமாறுகிற பக்கம். சொந்த ஊர் லபுக்கலை. உங்கள் பதிவை இடைவேளையில் படித்தேன், உடனே எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் வேலை, மேசைக்குச் சொல்லும்போதே அப்பா யார் என்று சொல்லிவிடுங்கள். தயங்க வேண்டாம். இங்கே குசினியிலும் மேசைப் பக்கத்திலும் நிற்கிற நிறையப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள்தான், தமிழிலேயே பேசலாம். பழைய பங்களா அப்பு ஒருவர் எங்கள் இடத்துக்கு வந்திருந்தபோது, எங்கள் செஃப் வெட்டாத இறைச்சியைப் பலகையோடு மேசைக்கே கொண்டுவந்து, "எந்த இடத்தில் வெட்டட்டும் ஐயா?" என்று கேட்டார். அவர் விரலால் கோடு காட்டினார். அதன் பிறகு அந்த மேசையில் கூச்சம் என்பதே இல்லை.

இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் அவுஸ்திரேலியா அல்லது நியூசிலாந்து இறைச்சிதான். நம் ஊரில் கிடைப்பது அதிகமும் வயதான மாடு, கறிக்கு ருசி, ஸ்டேக்குக்கு முரடு. எழுபது வயதுப் பல்லுக்கு டெண்டர்லொயின், அதாவது முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற சதை, மெத்தென்று இருக்கும். ஆனால் விலாப் பக்கத்துக் கொழுப்பு ஓடிய ரிப் ஐயில் இருக்கிற ருசி அதில் வராது. அப்பா தொழில் தெரிந்தவர், அவரே தெரிவு செய்யட்டும். எவ்வளவு வேக வேண்டும் என்று பதம் கேட்கும்போதும் நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். உள்ளே 55 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் மீடியம் ரெயார் (நடுவில் சிவப்பு), 60 என்றால் மீடியம், 70 தாண்டினால் வெல் டன் (முழுதாக வெந்தது). அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் உள்சூடு சில பாகை ஏறும், அதனால் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிச் சில நிமிடம் ஆறவிடுவார்கள். தாமதம் என்று நினைக்க வேண்டாம், அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும். தட்டில் சிவப்பாகக் கசிவதைப் பார்த்து அம்மா முகம் சுளித்தால், அது இரத்தம் இல்லை, தசையில் இருக்கிற மயோகுளோபின் கலந்த நீர் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, தட்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இரவில் என்ன குளிர் என்று உங்களுக்கே தெரியும். குளிர்ந்த தட்டில் வைத்தால் நாலு வாய் சாப்பிடுவதற்குள் கொழுப்பு உறைந்து வெள்ளையாகப் படிந்துவிடும். சூடாக்கிய தட்டு வேண்டும் என்று கேளுங்கள். நல்ல இடம் என்றால் கேட்காமலே கொண்டுவருவார்கள்.

வேட்டியும் கோட்டும் தாராளமாகப் போதும். கோட், டை இல்லாமல் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார முடியாது என்ற பேர் இங்கே 1876இல் தொடங்கிய ஹில் கிளப்புக்குத்தான். எல்லா இடமும் அப்படி இல்லை. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணம் 10 வீதம், வற் வரி 18 வீதம் இரண்டும் பிறகு சேரும். பத்தாயிரம் என்று போட்டிருந்தால் பதின்மூவாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற கிளாக்கர் எழுதியது:

மகள், நல்ல காரியம். ஆனால் இரவில் போவதை நான் விரும்பவில்லை. பகல் சாப்பாடாக வையுங்கள். மாலையானால் நானுஓயாவிலிருந்தே பனிமூட்டம் இறங்கிவிடும், வண்டிக்கு முன்னால் பத்தடி தெரியாது. இரவுதான் என்று முடிவு செய்தால் தெரிந்த சாரதியோடு வேன் பேசிக்கொள்ளுங்கள், கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம். நேரம் மிச்சம் என்று ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கவே கூடாது. 2023 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தை நாம் யாரும் மறக்கவில்லை. லிந்துலை வழியாகப் பெரிய ரோட்டிலேயே வாருங்கள்.

போயா தினமா, அதாவது பௌர்ணமி விடுமுறையா என்று கலண்டரையும் பாருங்கள். அன்று மதுபானம் கிடையாது, இறைச்சிக் கடைகளும் பூட்டு. ஏப்ரல் சீசனில் போகவே வேண்டாம், கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள்.

பொகவந்தலாவை அக்கா எழுதியது:

அம்மாவைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லவில்லையே. என் மாமியாரும் அப்படித்தான், மாடு தொட மாட்டார். "மீனோ கோழியோ ஏதாவது இருக்கும்" என்று நம்பிப் போகாதீர்கள். அதே கம்பியில், அதே சட்டியில் சுட்டதைக் கொண்டுவந்து வைத்தால் அம்மா வாய் வைக்கமாட்டார், வாய் திறந்து சொல்லவும் மாட்டார். தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று இடம் பதியும்போதே கேட்டு வாங்குங்கள். சூப்பையும் விசாரியுங்கள், மரக்கறி சூப் என்று பெயர் இருந்தாலும் எலும்பு அவித்த தண்ணீரில் செய்யும் இடங்கள் உண்டு. எங்களுக்கு லீக்ஸ், உருளைக்கிழங்கு சூப் தனியாகச் செய்து தந்தார்கள், மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

தலவாக்கலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிளாக்கர் ஐயா, நீங்கள் சொன்னதை யோசித்தேன். சாப்பாடு இரவில்தான், கணப்பு எரிகிற நேரத்தில் அவர் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அன்று ராத்திரி திரும்பவில்லை, டவுனிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டு விடிந்ததும் வருகிறோம். அக்கா, அந்த சூப் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, கட்டாயம் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது, மேசைப்பக்கம் அண்ணே. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அப்பா சாப்பிட்டு முடித்ததும் எழுந்து, பக்கத்தில் இருப்பவர்கள் தட்டையும் சேர்த்து அடுக்கத் தொடங்கிவிடுவார். கை தானாகப் போகும். அங்கேயும் அப்படிச் செய்தால் யாராவது சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

மேசைப்பக்கம் எழுதியது:

சிரிக்கிறவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லாதவன் தங்கச்சி. நீங்கள் "விடுங்கப்பா" என்று கையைப் பிடித்துவிடாதீர்கள், நாலு பேர் முன்னால் அவர் சங்கடப்படுவார். அதை எங்களிடம் விட்டுவிடுங்கள். கத்தியும் முள்ளும் தட்டில் சேர்ந்து படுத்தால் சாப்பிட்டு முடிந்தது என்று எங்களுக்கு அர்த்தம், அப்பாவுக்கும் அது தெரியும். அந்த நேரத்தில் நான் என்றால் அவர் எழுவதற்கு முன்னமே போய் நின்று, "எடுக்கட்டுங்களா ஐயா?" என்று கேட்பேன். அவர் தலையாட்டிய பிறகுதான் தொடுவேன். அவர் அதற்குள் இரண்டு தட்டை அடுக்கியிருந்தால் அப்படியே இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். பதியும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பரிமாறுகிறவருக்கு உதவியாக இருக்கும்.

அப்புறம், சனி ஞாயிறில் போன் பண்ணாதீர்கள். கிழமை நாளில் பின்னேரம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் எடுத்தால் குசினி ஓய்ந்திருக்கும், செஃப்பிடமே பேசலாம். டெண்டர்லொயினும் ரிப் ஐயும் இரண்டும் அன்றைக்கு இருக்குமா என்று கேட்டு, இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.