மறுமொழி: றோட்டறிக்கும் டிஏ பொலிஷருக்கும் தமிழில் என்ன பெயர்?

> கார் பெயின்ற்றுக்கு முதல் தடவையாக ஒரு பொலிஷர் வாங்கப் போகிறேன். றோட்டறியா, டிஏயா? இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

தம்பி கேட்ட இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பெயின்ற்றில் தேய்க்கும் திண்டு (பாட்) எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டும். பெயர் அந்த அசைவைச் சொன்னால், வாங்க வருபவருக்குப் பாதிக் குழப்பம் கடை வாசலிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் இந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை:

> மெருகூட்டி என்ற ஒரு சொல் போதும். மற்றதெல்லாம் கடைக்காரர் பிரிக்கிற பிரிவு.

போதாது, அண்ணை. றோட்டறியில் திண்டு ஓர் அச்சில் நிலையாக நின்று சுழலும். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுழற்சி வரை. அமுக்கினாலும் நிற்காது. ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டால் சூடு ஏறி, நிறத்துக்கு மேலே அடித்திருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் போய்விடும். அந்தப் பூச்சு பல கார்களில் 40, 50 மைக்ரோன் தடிப்புத்தான். 50 மைக்ரோன் என்றால் ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு. பொனற் விளிம்பிலும் கதவு மடிப்பிலும் இன்னும் மெல்லிசாக இருக்கும். ஒரு தடவை போனால் திரும்ப அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டிஏ என்றால் டூயல் அக்ஷன், இரண்டு அசைவு உள்ளது. சாதாரண டிஏ அப்படியில்லை. அதில் திண்டு ஒரு சிறு வட்டத்தில் சுற்றிக்கொண்டே தன்பாட்டில் சுழலும். அதிகமாக அமுக்கினாலோ சரித்துப் பிடித்தாலோ சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். அப்போது வேலை நடக்காது, ஆனால் பெயின்ற்றும் எளிதில் போகாது. புதிதாகப் பழகுபவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால் இந்த வேறுபாடுதான் மறைந்துபோகும்.

> இரண்டு இயக்கம் இருப்பதால் ஈரியக்க மெருகி.

சேர், சொல் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அது எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது, என்ன இயக்கம் என்று சொல்லவில்லை. ஃபிளெக்ஸ் எக்ஸ்சி 3401 போன்ற சில டிஏ பொலிஷர்களில் பற்சில்லு திண்டைக் கட்டாயமாகச் சுழற்றும். அதுவும் ஈரியக்கம்தான், ஆனால் அமுக்கினால் நிற்காது. தம்பி ஈரியக்கம் என்ற சொல்லை நம்பி அதை வாங்கிவிடக் கூடும்.

என்னுடைய முன்மொழிவு இது. பூமி தன்னைத்தானே சுழல்கிறது, சூரியனைச் சுற்றுகிறது என்றுதான் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சுழல்வது வேறு, சுற்றுவது வேறு என்ற தெளிவு தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியென்றால் றோட்டறிக்குச் சுழல் மெருகி, டிஏக்குச் சுற்றுச்சுழல் மெருகி. தன்பாட்டில் சுழல்வதைத் தளர்சுழல் வகை என்றும் பற்சில்லு வைத்ததைக் கட்டாயச்சுழல் வகை என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் பாடநூல் வழக்கில் சுற்றுப்பாதைக்கு ஒழுக்கு என்ற சொல் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். செய்மதிக்கு அது பொருந்தும். கராஜில் ஒழுக்கு என்றால் ஒயில் ஒழுக்குத்தான். ஒழுக்கு மெருகி என்று எழுதினால் இயந்திரத்தில் ஏதோ கசிகிறது என்றே நினைப்பார்கள். மினுக்கி என்பதையும் விட்டுவிடலாம். குத்துவிளக்கு மினுக்குவது நம் வீட்டுச் சொல்தான், ஆனால் மினுக்கி என்று சொன்னால் வேறு பொருள் வந்துவிடும்.

அடுத்தது பெட்டியில் 8, 15, 21 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கும் அளவு. திண்டு சுற்றும் அந்தச் சிறு வட்டத்தின் விட்டம் அது. வீச்சு என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்குச் சுற்றுவிட்டம் பிடித்திருக்கிறது, கேட்டவுடன் விளங்கும். 21 பெரிய தட்டையான இடத்தில் வேகமாக வேலை முடிக்கும். ஆனால் வளைவுகளில் சுழற்சி அடிக்கடி நின்றுவிடும். இங்கே ஓடும் அல்ட்டோ, வகன் ஆர் போன்ற சின்னக் கார்களுக்கு 15தான் கைக்கு வாய்ப்பு. ஆகவே தம்பிக்கு என் பரிந்துரை: 15 மில்லிமீற்றர் சுற்றுவிட்டமுள்ள தளர்சுழல் வகை, 5 அங்குலத் தாங்குதட்டு (திண்டை ஒட்டும் தட்டு). தாங்குதட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனையால் ஒரு கோடு போடுங்கள். திண்டு சுழல்கிறதா, சும்மா அதிர்கிறதா என்று அந்தக் கோடு காட்டும்.

கிறைண்டரில் கம்பளித் திண்டு மாட்டி பொலிஷ் பண்ணும் வழக்கம் மட்டும் வேண்டாம். 4 அங்குலக் கிறைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுழற்சி ஓடும். அதை மெருகி என்ற பெயருக்குள்ளேயே சேர்க்கக் கூடாது.

கிளியர் கோட்டுக்குத் தெளிபூச்சு எனலாம். ஆனால் எல்லாக் காருக்கும் அது இருக்காது. யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் தெளிபூச்சு இல்லாத பெயின்ற்றோடு வந்தவை. அவற்றில் திண்டில் காரின் நிறமே ஒட்டும், பயப்படத் தேவையில்லை. தெளிபூச்சுள்ள புதிய காரில் நிறம் ஒட்டினால் தெளிபூச்சைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும். நம் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர். கழுவிய காரை வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி படியும், மெருகி தேடுகிறவர்களில் பலருக்கு அதுதான் தொல்லை. துணியால் ஒற்றி ஈரம் எடுத்தால் மெருகி போடுகிற தேவையே குறையும். செம்மண் தூசி இருக்கும்போது திண்டை வைக்கவே வேண்டாம். நன்றாகக் கழுவிய பிறகுதான்.

கடைசியாக, தம்பி, கனடாவிலிருந்து வரும் மாமாவிடம் இயந்திரம் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அப்படியே செருகினால் மோட்டர் எரிந்துவிடும். லண்டனிலோ ஜேர்மனியிலோ யாரும் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், அங்கேயும் 230தான். கனடாவில் வாங்கியாயிற்று என்றால் 230ஐ 120 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும், இயந்திரத்தின் வாட்டைவிட அதன் அளவு கூடுதலாக இருக்கட்டும்.

திண்டு, தாங்குதட்டு, சுற்றுவிட்டம் மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள். சேர், சுற்றுச்சுழல் பற்றி உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து