அழகர்மலை அணிலுக்கு சிப்மங்க் ஆய்வு முறை ஒத்துவருமா?

கேள்வி: மலையடிவாரம்

வணக்கம். வட அமெரிக்காவில் ஒரே காட்டில் வருஷக்கணக்காகக் கூண்டு வைத்து, சிப்மங்க் என்ற கோடுபோட்ட தரை அணில் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பின்தொடர்கிறார்களே, அதே மாதிரி அழகர்மலை அடிவாரத்தில் நம்ம முக்கோட்டு அணிலை 5 வருஷம் பார்க்கலாம் என்று எங்கள் துறையில் பேச்சு. உசிலும் நாவலும் கலந்த வறண்ட காடு. கையில் 60 கூண்டு இருக்கிறது. பாதி அலுமினியப் பெட்டி, பாதி கடையில் வாங்கிய கம்பி எலிக்கூண்டு. எத்தனை கூண்டு, எவ்வளவு இடைவெளி, எந்த அடையாளம், எங்கே தப்பு வரும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வன்மரம்

தம்பி, முதலில் எது ஒத்துவரும், எது வராது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சிப்மங்க் தரையில் வளை தோண்டி வாழ்வது. கன்னப்பையில் விதையை அடைத்துக்கொண்டு போய் வளைக்குள் சேர்க்கும். குளிர்காலத்தில் உடம்பைக் குளிரவிட்டுச் சில நாள் மரத்துக் கிடக்கும், எழுந்து சேமிப்பைத் தின்னும், மறுபடி மரத்துப்போகும். நம் அணிலுக்குக் கன்னப்பையும் கிடையாது, குளிர் உறக்கமும் கிடையாது. கூடு மரக்கவட்டில். ஆகவே வளை வாசலில் கூண்டு வைத்துச் சுலபமாகப் பிடிக்கும் வழி நமக்கு இல்லை.

அங்கிருந்து எடுக்க வேண்டியது வேறு. கனடாவில் தெற்கு கியூபெக்கின் மேப்பிள், பீச் மரக் காடுகளில் சிப்மங்கோடு பீச் விதையையும் சேர்த்தே அளக்கிறார்கள். பீச் எல்லா ஆண்டும் காய்க்காது. காய்க்கும் ஆண்டில், விதை உதிர்வதற்கு முன்பே, கோடையில் சிப்மங்க் இணைசேர்ந்துவிடும். குட்டி வளையை விட்டு வெளியே வரும்போது தரையெங்கும் விதை. காய்க்காத ஆண்டில் பல பெண் சிப்மங்குகள் குட்டி போடுவதையே தள்ளிவைக்கும். விலங்கை மட்டும் எண்ணியிருந்தால் இது பிடிபட்டிருக்காது. நியூயார்க் மாநிலத்து மில்புரூக் ஓக் காடுகளிலும் 1990-களிலிருந்து ஓக் விதை, வெள்ளைக்கால் எலி, சிப்மங்க், உண்ணி எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள்.

எனவே முதல் மாதத்திலேயே மரங்களுக்கு எண் போடுங்கள். உசில், நாவல், ஆல், அத்தி என்று இனத்துக்கு 10 மரம். மாதம் ஒருமுறை பூ, காய், பழம் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். விதைக்கு அரை மீட்டர் சதுர வலைத்தொட்டி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில். அடியில் வடிகால் இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் எல்லாம் அழுகிவிடும்.

அனுமதி: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உயிரோடு பிடிப்பதும் பொறி வைப்பதும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் அடங்கும். ஊரில் ஓடுகிற அணில்தானே என்று நினைக்க வேண்டாம். வனத்துறை அனுமதியும் கல்லூரி விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் வந்த பிறகே கூண்டைத் தூக்குங்கள்.

பதில் 2: கூண்டுக்காரன்

நான் கூண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வு செத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

அலுமினியப் பெட்டி குளிர்நாட்டுக்காரர்களுக்கு வசதி; உள்ளே பஞ்சு வைத்தால் கதகதப்பு. மதுரை வெயிலில் அது அடுப்பு. தரையில் அதைத் தவிர்த்துவிடுங்கள். அடர்ந்த நிழலில், காலை 8 மணிக்குள் எடுத்துவிடுவதானால் மட்டும் பயன்படுத்தலாம். கம்பிக்கூண்டே மேல், ஆனால் கடையில் வாங்கியபடியே வைக்காதீர்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையை அரத்தால் ராவி மழுக்குங்கள். இல்லாவிட்டால் வெளியே வர முட்டிமுட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். கதவு விழும் விளிம்பில் சைக்கிள் டியூப் துண்டை ஒட்டுங்கள், வால் நசுங்காது. மேலே தென்னங்கீற்று மூடாக்கு.

காலை 6 மணிக்குத் திறப்பு, மணிக்கு ஒரு சுற்று, 10 மணிக்கு எல்லாவற்றையும் மூடல். வேண்டுமானால் மாலை 4 முதல் 6 வரை. மூடாமல் விட்ட ஒரு கூண்டு போதும், மறுநாள் செத்த அணிலைத்தான் எடுப்பீர்கள். அதனால் மூடும்போது எண் வாசித்து ‘மூடியது’ என்று குறிப்பேட்டில் டிக் போடுங்கள்.

இரை: ஓட்டோடு நிலக்கடலை 3. தேங்காய்ச் சில்லுக்கு அணில் நன்றாக வரும், எறும்பும் அதைவிட நன்றாக வரும். கூண்டில் மாட்டியது எறும்புக்கடியில் தப்பிக்க முடியாது. எறும்புச் சாரி பார்த்தால் கூண்டை 2 மீட்டர் தள்ளி வையுங்கள். எறும்புப் பொடி தூவக் கூடாது, அணில் காலை நக்கும். பிடிக்கும் நாளுக்கு முன் 3 நாள் கதவைக் கட்டித் திறந்தே வைத்து இரை போடுங்கள். பாதிக் கூண்டுகளைத் தரையிலும், பாதியை ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தோடு பலகை கட்டியும் வையுங்கள்.

குரங்கு! அழகர்கோவில் பக்கம் கடலை வாசனைக்குக் கூட்டமே இறங்கும். கூண்டை முளையடித்துக் கம்பியால் இறுக்கினாலும் கதவைத் திறந்து எடுக்கும். பாதையிலிருந்தும் பழமுதிர்சோலை சாலையிலிருந்தும் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் போங்கள். குரங்கு கவிழ்த்த கூண்டு ‘காலி’ அல்ல, ‘செயலிழந்தது’. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் பின்னால் பிரிக்கவே முடியாது.

கையாளுவது: கூண்டு வாயில் துணிப்பை, இருட்டைக் கண்டு தானே உள்ளே ஓடும். வாலைப் பிடிக்கவே கூடாது, தோல் உரிந்து கையோடு வந்துவிடும். 300 கிராம் சுருள்வில் தராசு போதும். நம் அணில் 100 கிராம் அளவுதான். பையின் எடையை ஒவ்வொரு முறையும் தனியாகப் போடுங்கள், மூத்திரம் பட்டால் பை கனத்துவிடும். 5 நிமிடத்துக்குள் விட்டுவிடுங்கள். மடியில் பால் இருந்தால் அடையாள எண்ணை மட்டும் பார்த்து உடனே விடுதலை, கூட்டில் குட்டி காத்திருக்கும்.

மலையடிவாரம்

நன்றி அண்ணே. 60 கூண்டையும் 20 மீட்டர் இடைவெளியில் வைக்கலாமா? அடையாளத்துக்குக் காதில் மாட்டும் எண் தகடான காதுவில்லை போதுமா, கருவியால் எண் வாசிக்கும் தோலுக்கடி மின்னணுச் சில்லும் வேண்டுமா?

பதில் 3: கூண்டுக்காரன்

மணிக்கு ஒரு சுற்று என்றால் சரிவில் 60 கூண்டைச் சுற்ற ஆள் பத்தாது. 6-க்கு 6 என்று 36 கூண்டு, 20 மீட்டர் இடைவெளி, சரியாக ஒரு ஹெக்டேர். மிச்சம் உபரி.

பதில் 4: எண்கணக்கு

மேலே சொன்ன 36-ஐ நான் ஏற்கவில்லை. ஒரு ஹெக்டேரில் பெரும்பகுதி ஓரம்தான். ஓரத்து அணில் பாதி நாள் வெளியே இருக்கும். 7-க்கு 7, 25 மீட்டர் இடைவெளி, 49 கூண்டு. 150 மீட்டர் பக்கம், 2.25 ஹெக்டேர். ஆள் பத்தாவிட்டால் இன்னொருவரைச் சேருங்கள், கட்டத்தைச் சுருக்காதீர்கள். ஒவ்வோர் அணிலின் நடமாட்ட எல்லைக்குள்ளும் 4 கூண்டாவது விழ வேண்டும் என்பதே விதி. முதல் பிடிப்புச் சுற்று முடிந்ததும் ஒரே அணில் எத்தனை கூண்டில் மாட்டியது என்று பாருங்கள். ஒன்றிலேயே என்றால் இடைவெளி அதிகம்.

அடையாளம் முதல் வருஷம் இரண்டும் போடுங்கள். காதுவில்லை கிழிந்து விழும், வெயில் காலத்தில் புண்ணாகும். 12 மில்லிமீட்டர் சில்லைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கி ஊசியால் செலுத்துவது. அது முதல் சில நாளில் ஊசித்துளை வழியாகவே வெளியே வந்துவிடலாம், ஒரு சொட்டுத் தோல்பசை வேண்டும். செலுத்துமுன் ஒருமுறை, செலுத்தியபின் ஒருமுறை எண்ணை வாசிக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் மிஞ்சிய அணில்களை எண்ணினால் இழப்பு விகிதம் கிடைக்கும். அது தெரியாவிட்டால், அடையாளம் இழந்த பழைய அணிலைப் புதிது என்று எண்ணி, தொகையைக் கூட்டிக் காட்டுவீர்கள்.

மொத்த அணில் தொகைக்குக் கணக்கு எளிது. முதல் முறை 24 அணிலுக்கு அடையாளம். அடுத்த முறை 21 பிடிபட்டு, அதில் 10-க்கு அடையாளம் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றிலும் ஒன்று கூட்டி, 25-ஐ 22-ஆல் பெருக்கி, 11-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் 49 அணில். கடலைக்கு ருசிகண்ட அணில் திரும்பத் திரும்ப வந்தால் இந்த எண் உண்மையைவிடக் குறையும். பயந்து ஒதுங்கினால் கூடும். 5 வருஷத்துக்கு இது மட்டும் போதாது. புள்ளியியலாளர் பொல்லாக் 1982-இல் சொன்ன அமைப்பு பொருந்தும்: வருஷத்துக்கு 3 சுற்று, சுற்றுக்குத் தொடர்ந்து 5 நாள். 5 நாளுக்குள் தொகை மாறாது என்று கொண்டு எண்ணிக்கை, சுற்றுகளுக்கு நடுவே உயிர்பிழைக்கும் விகிதம். ஒன்று நினைவிருக்கட்டும்: திரும்ப மாட்டாத அணில் செத்ததா, வேறு இடம் போனதா என்று கூண்டு சொல்லாது.

சுற்றுக்குத் தை, ஆனி, புரட்டாசி எடுங்கள். சித்திரை வேண்டாம், வெயில் ஒருபுறம், அழகர் இறங்கும் கூட்டம் மறுபுறம், கூண்டு திருட்டும் போகும். எடுத்த மாதத்தை 5 வருஷமும் மாற்றக் கூடாது. இரையையும் அப்படியே. மூன்றாம் வருஷம் கடலைக்குப் பதில் மக்காச்சோளம் வைத்துவிட்டு, அணில் குறைந்துவிட்டது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

பதில் 5: கூண்டுக்காரன்

49-க்கு ஆள் சேர்க்க முடிந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. இரண்டு பேர், ஆளுக்குப் பாதி, எதிரெதிர் மூலையில் தொடங்கினால் ஒரு மணிக்குள் முடியும். பலகைக் கூண்டை எட்ட ஆளுக்கு ஒரு சின்ன முக்காலி எடுத்துப்போங்கள், கல்லை அடுக்கி ஏறாதீர்கள், அடியில் தேள் இருக்கும்.