டீமில் ஒரு பையன் சோர்ந்து போயிருக்கிறான், எப்படிப் பேசுவது?

வணக்கம். சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். அமெரிக்க கிளையண்ட் என்பதால் இரவு 11 மணி வரை போன் கால் போகும், காலையில் 10 மணிக்கு மறுபடி ஆபீஸ்.

டீமில் நன்றாக வேலை செய்த பையன் ஒருவன், 3 மாதமாக ஆளே மாறிவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. எதைக் கேட்டாலும் "என்னமோ பண்ணுங்க" என்கிறான். சின்ன வேலையிலும் தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டுக்குச் சொன்ன மூன்று அடையாளங்களும் (களைப்பு, வேலையில் வெறுப்பு, திறன் குறைவது) அப்படியே பொருந்துகின்றன. அது நோய் இல்லை, தீராத வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறார்கள். அப்படியென்றால் மாற வேண்டியது அவன் மட்டும் இல்லையே!

எச்ஆரிடம் சொன்னேன். சனிக்கிழமை யோகா வகுப்பு வைத்தார்கள். இருந்த ஒரு லீவும் போச்சு.

இரவு கால்களை முறை வைத்துப் பிரிக்கப் பார்க்கிறேன். மேனேஜரை இதற்குச் சம்மதிக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், அப்ரைசலில் பாதிக்குமோ என்று அவன் பயப்படாதபடி பேச்சை எப்படி ஆரம்பிப்பது? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், இலவசம்தான். ஆனால் அதை நான் நீட்டினால் தப்பாக எடுத்துக்கொள்வானோ என்று தயக்கமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.